ஊழும் கதையும்

கதை எவ்வெவ்வுறுப்புகளால் ஆயது என்று கேட்கும் மாணவனுக்கு, களம், காலம், பாத்திரம், சம்பவக் கோவை, சொல்லுகிறவனின் நோக்கு என்று ஐந்தாறு பெயர்களை வரிசைப்படுத்திச் சொல்லிவிடுவது எளிது. அவற்றுள் எதுவும் பிழையன்று. ஆயினும், இவ்வுறுப்புகள் யாவும் குறைவின்றி அமைந்திருந்தும் உயிரற்றுக் கிடக்கும் கதைகள் பல. இவற்றுள் ஒன்றிரண்டு மூளியாய் இருந்தும் நூற்றாண்டுகளைக் கடந்து வந்து நம் நெஞ்சைப் பற்றிக்கொள்ளும் கதைகளும் உண்டு. அந்த உயிர் எங்கே இருக்கிறது என்று தேடிப் போகிறவன், ஒரு செயலுக்கும் அதன் பயனுக்கும் இடையே உள்ள உறவு என்னும் இடத்தில் வந்து நிற்கிறான். இவன் இதைச் செய்தான், ஆகையால் அவனுக்கு இது நேர்ந்தது என்று ஒருவன் சொல்லத் தொடங்கிய கணத்திலேயே கதை பிறந்துவிடுகிறது. அப்படி நேர்ந்ததற்குக் காரணம் அவனுடைய இச்சையா, முற்பிறப்பின் கர்மமா, ஈசுவர சங்கற்பமா, அன்றி வெறும் தற்செயலா என்ற கேள்வி உடனே எழுகிறது. இது இலக்கண ஆசிரியன் விடை சொல்லி முடிக்கக்கூடிய கேள்வியன்று. கதையின் மூலக் கூறுகளை ஆராயப் புகுந்தவன், தான் அறியாமலே சமயத்தின் வாசற்படியில் கால் வைத்துவிடுகிறான் என்பதே என் அபிப்பிராயம்.

இந்தக் கேள்விக்குச் சொல்லப்படும் இரு முடிந்த விடைகளும் கதைக்கு ஆபத்தானவை. எல்லாம் முன்னமே விதித்தபடிதான் நடக்கின்றன என்றால், பாத்திரங்கள் தோற்பாவைகளாகி விடுகிறார்கள். பின்னால் நின்று ஆட்டுகிறவனுடைய கையைப் பார்த்த பிறகு பாவையின் அழுகைக்காக எவனும் அழுவதில்லை. எதற்கும் ஒரு காரணம் இல்லை, எல்லாம் எப்படியோ நடக்கின்றன என்றாலோ, சம்பவங்கள் ஒன்றையொன்று தொடாமல் உதிர்ந்து போகின்றன. அவற்றைக் கேட்டு வியக்கலாம், அவற்றுள் வாழ முடியாது. ஊழைவிட வலியது வேறு எது என்று ஓர் அதிகாரத்தில் கேட்ட திருவள்ளுவர், இடைவிடாது முயல்கிறவர் அந்த ஊழையே புறங்காண்பர் என்று ஆள்வினையுடைமை அதிகாரத்தில் உரைத்தார். இரண்டையும் இசைவித்துக் காட்டும் பொறுப்பை அவர் மேற்கொள்ளவில்லை. நீதிநூல் அவ்வாறு விட்டுவிடலாம். ஒரே மனிதனின் ஒரே நாளில், ஒரே வார்த்தையில், இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே நிற்கின்றன என்று காட்ட வேண்டிய கடமை காவியம் செய்கிறவனுக்கு உண்டு.

கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில், தம்முடைய கவிதை இயல் நூலில், நிகழ்ச்சிகள் எதிர்பாராதனவாகவும் அதே சமயத்தில் ஒன்றன் காரணமாக மற்றொன்று விளைவதாகவும் அமையும்போதே அச்சமும் இரக்கமும் மிகுதியாகப் பிறக்கின்றன என்று கூறி, அதற்கு ஒரு சிறு சம்பவத்தைச் சான்று காட்டுகிறார். ஆர்கோஸ் நகரில் மிட்டிஸ் என்பவனைக் கொன்றவன், அந்த மிட்டிஸின் சிலையைப் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் அச்சிலையே அவன்மேல் விழுந்து அவன் மாண்டான். சிலை விழுந்தது தற்செயல்தான். ஆனால் அதைக் கேட்கிற எவரும் தற்செயல் என்று எண்ண விரும்புவதில்லை. அறத்தின் கை ஒன்று அங்கே நீண்டது என்று நம் மனம் தானாகவே நினைத்துக்கொள்கிறது. கதை கேட்கும் மனத்தின் இந்த இயல்பை அரிஸ்டாட்டில் குறித்த அளவோடு நின்றார். அந்த இயல்பு மெய்யைக் காட்டுகிறதா, மயக்கத்தை உண்டாக்குகிறதா என்று அவர் விசாரிக்கவில்லை.

நம் தொல்காப்பியர் வகுத்த முறை இன்னும் நுட்பமானது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, யாழ், தொழில் முதலியவை கருப்பொருள் என்றார். கூடல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் மனநிலைகளை உரிப்பொருள் என்று வகுத்து, மூன்றனுள் ஒன்றைவிட ஒன்று முறையே சிறந்தது என்றும் கூறினார். அகப்பாட்டுக்காக வகுத்த இலக்கணம் இது; எனினும் இதில் தெய்வத்துக்குக் கிடைத்த இடத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். உணவோடும் மரத்தோடும் பறவையோடும் சேர்ந்து, அந்நிலத்து மக்களின் வாழ்வில் ஒரு பகுதியாகத் தெய்வம் வீற்றிருக்கிறது. பாட்டை நடத்திச் செல்கிற பொறுப்போ மனித இருதயத்துக்கு விடப்பட்டிருக்கிறது. தெய்வத்தைக் குறைத்த செயலன்று இது. தெய்வம் தான் செய்ய நினைப்பதை மனிதனுடைய நெஞ்சின் வழியாகவே செய்கிறது என்ற ஓர் ஆழ்ந்த நம்பிக்கை இதன் அடியில் இருப்பதாகவே நான் கொள்கிறேன்.

அந்த நம்பிக்கை காவிய உருவம் பெற்ற இடம் சிலப்பதிகாரம். 1892-இல் உ. வே. சாமிநாதையர் அடியார்க்குநல்லார் உரையோடு அதைப் பதிப்பித்தபின், அதன் இசைச் செல்வத்தையும் கூத்தின் நுட்பங்களையும் மூவேந்தர் நாட்டுச் சிறப்பையும் பற்றி அறிஞர் பலர் எழுதியிருக்கின்றனர். எனக்கோ, ஊழ் உண்டு என்று பதிகத்திலேயே பறைசாற்றிவிட்டு முப்பது காதைகளுக்கு ஒரு கதை சொல்ல இளங்கோவடிகளால் எப்படி முடிந்தது என்பதே ஓயாத ஆச்சரியம். செய்த வினை தன் பயனைத் தானே தேடி வந்து கொடுக்கும் என்று முடிவை முதலிலேயே அறிவித்துவிட்ட ஆசிரியன், கேட்கிறவனுடைய பதைபதைப்பை எதைக் கொண்டு காப்பாற்றுவான்?

கானல் வரியைப் பாருங்கள். இந்திர விழா முடிந்து, கடலாடச் சென்ற இடத்தில், புன்னை நிழலில் மாதவி யாழைத் திருத்திக் கோவலன் கையில் கொடுக்கிறாள். அவன் காவிரியையும் கானலையும் வைத்துப் பாடுகிறான். இவனுக்கு வேறொரு நினைவு உண்டு போலும் என்று அவள் மனம் கறுக்கிறது. கறுத்ததை வெளியே காட்டாமல் யாழை வாங்கி, தனக்கும் ஒரு வேறு நினைவு இருப்பதுபோல் அவள் பாடுகிறாள். அதை மெய்யென்று கொண்டு அவன் எழுந்து போய்விடுகிறான். ஊழ்வினை யாழிசையைச் சாக்காக வைத்துக்கொண்டு வந்து சினந்தது என்று அடிகள் அவ்விடத்தில் சொல்லுகிறார். சொல்லட்டும், ஆனால் அந்த வாக்கியத்தை நீக்கிவிட்டுப் படித்தாலும் அந்தப் பிரிவில் ஓர் அணுவளவும் குறைவில்லை. சந்தேகமும் பொய்க்கோபமும் தன்மானமும் ஒருங்கே கூடிய இரண்டு உள்ளங்கள் அப்படித்தான் பிரியும். ஊழ் என்று ஒன்று வெளியிலிருந்து வந்து அவர்களைப் பிரித்ததாகக் காட்டாமல், அவர்களுடைய சுபாவமே ஊழின் கருவியாய் நிற்பதை அடிகள் காட்டினார். பாத்திர சிருஷ்டி என்று நாம் சொல்லுகிற கலையின் முழு இரகசியமும் இதில் அடங்கியிருக்கிறது.

இதற்கு மறுபக்கமாக நிற்பது கண்ணகியின் செயல். தீக்கனாக் கண்டு கலங்கிய அவளிடம் தோழி தேவந்தி வருகிறாள். முற்பிறப்பில் கணவன் பொருட்டுச் செய்யவேண்டிய ஒரு நோன்பில் நீ தவறிவிட்டாய் என்று காரணம் சொல்லுகிறாள். சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவரோடு கூடி வாழலாம் என்று பரிகாரமும் சொல்லுகிறாள். வினையின் கணக்கும் அதைத் தீர்க்கும் வழியும் அவளுக்கு முன்னால் திறந்து வைக்கப்படுகின்றன. அது நமக்குப் பெருமை ஆகாது என்ற ஒரு சிறு விடையில் கண்ணகி அதை மறுத்துவிடுகிறாள். அந்தச் சொல் அடங்குவதற்குள் கோவலன் வாசலில் வந்து நிற்கிறான். மாதவிக்குக் கொடுக்கப் பொருளில்லாமல் வாடுகிறான் என்று எண்ணிக்கொண்டு, சிறு புன்னகையோடு, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். அந்த இரண்டு விடைகளுக்குப் பிறகு கதை வேறு எப்படியும் போக இயலாது. ஆனால் அவ்விரண்டையும் வேறு எவரும் அவள் வாயில் வைக்கவில்லை. ஊழ் இருந்தாலும், எப்படிப்பட்டவளாக நின்று அதை எதிர்கொள்வது என்பது அவள் கையில் இருந்தது.

கதையின் உறுப்புகளில் காலம் என்பதை நாம் பெரும்பாலும் பகல், இரவு, பருவம் என்ற அளவில் எண்ணுகிறோம். எதை முன்னே சொல்வது, எதைப் பின்னே சொல்வது என்ற தேர்வும் காலமே. அதில்தான் சொல்லுகிறவனுடைய தத்துவம் வெளிப்படுகிறது. கோவலன் முற்பிறப்பில் பரதன் என்ற பெயரோடு கலிங்க நாட்டுச் சிங்கபுரத்து மன்னனிடம் தொழில் செய்தான் என்பதும், அணிகலம் விற்க வந்த சங்கமன் என்னும் வாணிகனைப் பகைவனுடைய ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான் என்பதும், அந்தச் சங்கமனுடைய மனைவி நீலி பதினான்கு நாள் அழுது திரிந்து, சாபமிட்டு, மலையுச்சியிலிருந்து வீழ்ந்து உயிர்விட்டாள் என்பதும் இக்காவியத்தின் மூல காரணமாகக் கூறப்படுகின்றன. பதிகத்தில் சில அடிகளில் வரும் குறிப்பு நீங்கலாக, இந்த வரலாறு விரிவாகச் சொல்லப்படுவது இருபத்து மூன்றாவது காதையில். அதற்குள் கோவலன் வெட்டுண்டு விட்டான், பாண்டியன் அரியணையிலேயே மாண்டுவிட்டான், மதுரை எரிந்துவிட்டது. இச்செய்தியை முதற்காதையில் வைத்திருந்தால், கோவலனுடைய ஒவ்வோர் அடியையும் ஒரு பழைய கடன் தீர்கிற கணக்காகவே நாம் படித்திருப்போம். நம் கண்ணில் நீர் வந்திராது. பின்னே வைத்ததால், அது குற்றவாளிகளுக்குக் கிடைத்த சமாதானமாக இல்லாமல், எல்லாவற்றையும் இழந்து நிற்கும் ஒருத்திக்கு மதுராபதித் தெய்வம் அருகில் வந்து சொன்ன ஆறுதலாக அமைந்தது. கர்ம சித்தாந்தத்தை எவன் வாயிலிருந்து, எப்பொழுது, யாரை நோக்கிச் சொல்ல வேண்டும் என்ற பெரிய தர்மம் இந்த வைப்பு முறையில் இருக்கிறது. தீமை செய்கிறவன் செய்வதற்கு முன் அதைச் சொன்னால் அது பாவத்துக்குப் போட்ட திரை. துன்பப்பட்டவளுக்குத் துன்பத்தின் பின் சொன்னால் அது மருந்து.

இதைக் காவியத்துக்குள்ளேயே பரிசோதித்துப் பார்க்கலாம். புறஞ்சேரியில் மாதவியின் ஓலையைப் படித்த கோவலன், தவறு அவளுடையது அன்று, தன்னுடையது என்று தெளிகிறான். தன் பெற்றோருக்கு அனுப்பவும் அந்த ஓலையின் வாசகமே பொருந்தியிருக்கக் கண்டு, அதையே அவர்களிடம் சேர்க்கும்படி, அதைக் கொண்டுவந்த கௌசிகனிடம் கொடுக்கிறான். கொலைக்களத்துக்குப் போவதற்குச் சற்று முன், மாயமோ வல்வினையோ என்று அவனும் ஒரு கணம் தடுமாறத்தான் செய்கிறான். ஆயினும் அந்த நிழலில் ஒதுங்கி நின்றுவிடாமல், வீணரோடு கூடித் திரிந்ததையும், பெற்றோருக்குச் செய்யவேண்டியதைச் செய்யாததையும், மனைவிக்கு இழைத்த சிறுமையையும் ஒவ்வொன்றாகத் தன் வாயாலேயே எடுத்துச் சொல்லி, எழு என்றேன், ஏன் எழுந்தாய் என்று அவளைக் கேட்கிறான். நீங்கள் செய்தது பெரியோர் போற்றாத ஒழுக்கம், நானோ மாறாத உள்ளம் உடையவள், ஆதலால் எழுந்தேன் என்கிறாள் அவள். விதி என்று அவள் சொல்லவில்லை. பாண்டியனும், தன் சிலம்பில் முத்தும் அவள் சிலம்பில் மாணிக்கமும் இருக்கக் கண்ட மாத்திரத்தில், தன்னையே கள்வன் என்று கூறி உயிர் துறந்தான். வினை என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. காவியத்தில் ஊழைப் பற்றி மிகுதியாகப் பேசுகிறவர் ஆசிரியர். ஊழுக்கு உட்பட்டவர்களோ தம் செயலுக்குத் தாமே பொறுப்பேற்கிறார்கள். இவ்விரண்டு குரல்களும் ஒன்றையொன்று விழுங்காமல் இறுதிவரை ஒலிக்கின்றன.

கோவலன் கொலையுண்ட இடத்தை மட்டும் சற்று நெருங்கி நின்று பார்க்க வேண்டும். தேவியின் ஊடலைத் தீர்க்க விரைந்து போய்க்கொண்டிருந்த மன்னனை வாயிலில் கண்டு, தேவியின் சிலம்பைக் கவர்ந்தவன் கோவலன் என்று பொற்கொல்லன் முறையிடுகிறான். மன்னன் ஆராயாமல் ஆணையிடுகிறான். வினை விளையும் காலம் வந்ததென்றும், அரசன் தேர்ந்து பாராதவன் ஆனான் என்றும் அடிகள் ஒரே மூச்சில் இரண்டு காரணங்களையும் வைக்கிறார். ஆனால் அத்தோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. காவலர் வந்து கோவலனைப் பார்க்கிறார்கள். பார்த்தவுடன், இவன் முகக்குறி கள்வனுடையது அன்று என்று சொல்லுகிறார்கள். அந்த ஒரு கணத்தில் அறம் உயிரோடு இருக்கிறது. அவர்கள் கண்ணால் கண்டதை நம்பியிருந்தால் போதும். அப்போது பொற்கொல்லன் என்ன செய்கிறான்? கள்வருக்கு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டுத் துணைகள் உண்டு என்று சாத்திரம் பேசுகிறான். பிறகு, இளவரசனுடைய மார்பிலிருந்த ஆரத்தைக் கவர்ந்து மாயமாய் மறைந்த ஒரு கள்வனின் கதையைச் சொல்லுகிறான். அதைக் கேட்ட காவலன் ஒருவனுக்கு, மழைக்காலத்து இருட்டில் தன் கைவாளையே பறித்துக்கொண்டு மறைந்த ஒரு திருடன் நினைவுக்கு வர, அவனும் அதைச் சொல்லி, அரசன் நம்மைத் தண்டிப்பானே, என்ன செய்வது என்று கேட்கிறான். கல்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

கண்ணால் கண்ட உண்மையை ஒரு புனைகதை மறைத்தது. ஒரு கதை இன்னொரு கதையை இழுத்து வந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு நிரபராதியைக் கொன்றன. தம் காவியத்தின் நடுவே, கதை சொல்லும் தொழிலே கொலைக்கருவி ஆவதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆசிரியர் பிறிதொருவர் இருப்பதாக நான் அறியேன். பொற்கொல்லனுடைய கதையிலும் களம் உண்டு, காலம் உண்டு, பாத்திரம் உண்டு, கேட்பவரை மயக்கும் சம்பவம் உண்டு. இல்லாதது ஒன்றுதான்: எதிரே நிற்கிற மனிதனின் முகத்தைப் பார்க்கும் இரக்கம். கதையின் உறுப்புகளைக் கற்றுக்கொடுக்கிறவர்கள் இதையும் சேர்த்தே கற்றுக்கொடுக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். திறமை மட்டும் கைவந்தவன் எவனும் நாளை அந்தப் பொற்கொல்லனாகக் கூடும்.

மணிமேகலையிலும் முற்பிறப்பு வரலாறுகள் பல வருகின்றன. சாத்தனாருடைய கருணையிலும் அறிவிலும் யாருக்கும் ஐயமில்லை. எனினும் பல இடங்களில் அங்கே சித்தாந்தம் முன்னே நடக்கப் பாத்திரங்கள் பின்னே போகின்றன. வினையின் விளக்கம் உடனுக்குடன் கிடைத்துவிடுவதால் கேட்பவனுக்குத் தெளிவு உண்டாகிறது, பதைப்பு உண்டாவதில்லை.

கணக்கு என்ற அளவில் பார்த்தால், மதுராபதி சொன்னதோடு எல்லாம் நேராகிவிட்டது. சங்கமனுக்குக் கோவலன், நீலிக்குக் கண்ணகி, ஆராயாத தீர்ப்புக்குப் பாண்டியன் உயிர்; பதினான்காம் நாள் கண்ணகி விண்ணுலகம் புகுந்துவிட்டாள். வினைக்கொள்கையை நிலைநாட்டுவது மட்டுமே அடிகளின் நோக்கமாக இருந்திருந்தால், நூல் மதுரைக் காண்டத்தோடு முற்றுப் பெற்றிருக்கும். அவர் வஞ்சிக் காண்டத்தையும் பாடினார். சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல்லில் சமைத்த பத்தினிக் கடவுளின் முன்னே, தென்னவன் குற்றமற்றவன், அவன் தேவர்கோன் கோயிலில் நல்விருந்தாய் இருக்கிறான், நான் அவன் மகள் என்று கண்ணகி அருளுகிறாள். தன் கணவனைக் கொல்வித்தவனை அவள் தந்தையாக ஏற்கிறாள். எந்த வினையின் பயன் இது? எந்தப் பிறப்பின் கடன் இதனால் தீர்ந்தது? கணக்கில் இதற்கு இடமே இல்லை. பட்ட துயரத்தை முழுவதும் அனுபவித்த ஓர் உயிர் தன் சுதந்திரத்தால் கொடுக்கிற ஈகை இது. இதைத் தத்துவ நூல் சொல்லி நிரூபிக்க இயலாது, இதற்கு முன்னுள்ள இருபத்தெட்டுக் காதைகளையும் நடந்து வந்த பிறகே நம்மால் நம்ப முடிகிறது.

இறுதிக் காதையில் சொல்லுகிறவரே கதைக்குள் வந்துவிடுகிறார். கண்ணகியின் கோட்டத்துக்குச் சென்ற இளங்கோவடிகளின் முன், தேவந்திமேல் ஆவேசித்த தெய்வம் அவருடைய வரலாற்றையே எடுத்துரைக்கிறது. வஞ்சி மாநகரின் மண்டபத்தில் தந்தையின் அருகே அவர் வீற்றிருந்தபோது, அரசாளும் இலக்கணம் இந்த இளையவனுக்கே உண்டு என்று ஒருவன் குறி சொன்னான்; அவனைச் சினந்து நோக்கி, தமையன் செங்குட்டுவனின் மனத்துயர் நீங்கும்படி, குணவாயிற் கோட்டத்தில் அவர் உலக பாரத்தைத் துறந்தார். ஊழின் வலிமையைப் பாடிய அதே மனிதர், தமக்கென்று ஒருவன் உரைத்த விதியை ஒரு கணத்தில், ஓர் அன்பின் பொருட்டு, உதறி எழுந்தவர். ஆனால் தெய்வம் அங்கே நிறுத்தவில்லை. முடிவில்லாத இன்பத்தின் அரசை ஆளுகிற வேந்தன் என்று அவரை விளிக்கிறது. குறி சொன்னவனுடைய வாக்கும் பொய்யாகவில்லை, அவர் செய்த துறவும் வீணாகவில்லை. அரசு உண்டு என்பது மட்டுமே அவருக்கு விதிக்கப்பட்டிருந்தது. எந்த அரசு என்பதை அவர் தேர்ந்துகொண்டார்.